ஸ்குவாக்களின் பெயரும் குலமும்

பிற பறவைகளின் வாயிலிருந்து இரையைப் பறித்தும், முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்தும், சில வேளைகளில் வளர்ந்த பறவைகளையே கொன்றும் வாழ்கின்ற கடற்பறவைகள் எல்லாப் பெருங்கடல்களிலும் உண்டு. ஆயினும் வேட்டையாடும் கடற்பறவை என்னும் தொடர் ஒரு தொழிலைக் குறிக்கிறதே தவிர, ஒரு குலத்தைக் குறிப்பதில்லை. வெப்பமண்டலக் கடல்களில் பிற பறவைகளைத் துரத்தி மீன் பறிக்கும் ஃபிரிகேட் பறவைகள் நீர்க்காகங்களுக்கு உறவானவை. அவற்றுள் ஒன்றை வகைப்பாட்டியலாளர் லின்னேயஸ் 1758இல் கூழைக்கடாக்களின் பேரினத்திலேயே வைத்திருந்தார். தென்கடல்களில் பெங்குவின் குஞ்சுகளையும் சீல் பிணங்களையும் உண்ணும் ராட்சதப் பெட்ரல்கள் அல்பட்ராஸ்களின் வரிசையைச் சேர்ந்தவை. ஒரே இனமென்று நெடுங்காலம் கருதப்பட்ட அவை இரண்டு இனங்கள் என்பது 1966இல்தான் தெளிவாக எடுத்துக்காட்டப்பட்டது. ஸ்குவாக்களோ ஆள்காட்டிகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கடற்காகங்களும் அடங்கிய கரட்ரிஃபார்மிஸ் என்னும் வரிசைக்குரியவை. பிழைக்கும் வழி ஒன்றுபோல் இருப்பதால் உறவும் இருக்க வேண்டியதில்லை என்னும் இந்த எளிய உண்மையை வகைப்பாட்டியல் ஏற்றுக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது. அந்தத் தாமதத்தின் சுவடுகள் ஸ்குவாக்களின் பெயர்களில் இன்றும் கிடக்கின்றன.

ஸ்குவா குடும்பத்தில் ஏழு இனங்கள் இன்று பொதுவாக ஏற்கப்படுகின்றன. வட அட்லாண்டிக்கின் பெரும் ஸ்குவா, தென்கடல் தீவுகளின் பழுப்பு ஸ்குவா, தென்னமெரிக்காவின் சிலி ஸ்குவா, அண்டார்க்டிகாவின் தென்துருவ ஸ்குவா ஆகிய நான்கும் உடல் பருத்தவை. பொமரைன் ஸ்குவா, ஆர்க்டிக் ஸ்குவா, நீள்வால் ஸ்குவா ஆகிய மூன்றும் சிறியவை, வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் கூடு கட்டுபவை. ஒன்றரைக் கிலோ அளவுக்கு எடையுள்ள பெரும் ஸ்குவாவையும் 300 கிராம் அளவே உள்ள நீள்வால் ஸ்குவாவையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்று எண்ணத் தோன்றாது. ஆனால் கால்களையும் அலகையும் கையிலெடுத்துப் பார்க்கும்போது ஐயம் தீர்ந்துவிடும். விரல்களுக்கிடையே வாத்தைப் போன்ற சவ்வு இருக்க, அவ்விரல்களின் நுனியில் வல்லூறுக்குரிய கூரிய, வளைந்த நகங்கள் இருக்கின்றன. மேலலகு ஒரே கொம்புறையாக இல்லாமல் தனித்தனித் தகடுகளாகப் பிரிந்து, நுனியில் கொக்கியாக வளைந்து முடிகிறது. பருந்துகளிலும் ஆந்தைகளிலும் காணப்படுவதைப் போலவே பெண் பறவை ஆணைவிடப் பெரிதாக இருக்கிறது. இவையெல்லாம் பருந்தினத்தோடு உறவு கொண்டதால் வந்தவையல்ல. இரையைப் பிடித்துக் கிழிக்கும் வாழ்க்கை வேறொரு குலத்திலும் அதே கருவிகளை உருவாக்கியதால் வந்தவை. வேறுபட்ட குலங்கள் ஒரே தேவையால் ஒரே வடிவத்தை அடைவதைக் குவிபரிணாமம் என்பர்.

இந்தப் பறவைகளுக்கு மனிதர் வைத்த பெயர்கள் அவற்றின் மேல் சொல்லப்பட்ட தீர்ப்புகளாகவே பெரும்பாலும் அமைந்துவிட்டன. ஆலாவையோ பஃபினையோ கிட்டிவேக் என்னும் கடற்காகத்தையோ ஒரு ஆர்க்டிக் ஸ்குவா விடாமல் துரத்தும்போது, துரத்தப்படும் பறவை வாயிலுள்ள மீனைக் கைவிடுகிறது அல்லது விழுங்கியதைக் கக்குகிறது. விழுவதைக் கடலைத் தொடுமுன்பே ஸ்குவா பற்றிக்கொள்கிறது. தொலைவிலிருந்து இதைக் கண்டவர்கள், அஞ்சிய பறவை எச்சமிடுகிறது என்றும் ஸ்குவா அதைத் தின்கிறது என்றும் நம்பினார்கள். பிரெஞ்சுப் பறவையியலாளர் பிரிஸோன் 1760இல் இக்குழுவுக்கு ஸ்டெர்கொராரியஸ் என்று பேரினப் பெயர் வைத்தபோது, சாணத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அதை அமைத்தார். 1811இல் ஜெர்மானிய விலங்கியலாளர் இல்லிகர் வைத்த லெஸ்ட்ரிஸ் என்னும் பெயருக்குக் கொள்ளைக்காரி என்று பொருள். வட அமெரிக்காவில் சிறிய மூன்று இனங்களுக்கும் வழங்கும் ஜேகர் என்னும் பெயர், வேட்டைக்காரனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் திரிபு. குற்றம் சாட்டாத பெயர் ஸ்குவா ஒன்றே எனலாம். ஃபாரோ தீவு மக்கள் தம் மொழியில் வழங்கிய பறவைப் பெயர் அது. 1605இல் வெளிவந்த, தாவரவியலாளர் க்ளூசியஸின் நூல் வழியாகக் கற்றோர் உலகுக்கு வந்து, 1764இல் டென்மார்க்கின் புருன்னிக் பெரும் ஸ்குவாவுக்குக் கதாரக்டா ஸ்குவா என்று பெயரிட்டபோது அறிவியலில் நிலைபெற்றது. பேரினப் பெயராக அவர் எடுத்துக்கொண்ட கதாரக்டா, கடலில் பாய்ந்து விழும் ஏதோ ஒரு பறவைக்கு அரிஸ்டாட்டில் வழங்கிய கிரேக்கச் சொல். வடகடலின் ஸ்குவாவை அரிஸ்டாட்டில் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதைப் புருன்னிக் பொருட்படுத்தவில்லை.

எச்சம் தின்னும் கதை பொய் என்று தெரிந்த பின்னும் அந்தப் பெயர் ஏன் நீக்கப்படவில்லை என்று கேட்கத் தோன்றும். விலங்குப் பெயரீட்டின் பன்னாட்டு விதித்தொகுப்பு இதற்கு இடம் தருவதில்லை. ஒரு பெயர் உண்மையைச் சொல்கிறதா, அழகாக இருக்கிறதா என்பவை அவ்விதிகளுக்குத் தேவையில்லாத கேள்விகள். முறைப்படி முதலில் வெளியிடப்பட்டது எது என்பதே கேள்வி. முந்துரிமை எனப்படும் இந்நெறி, லின்னேயஸின் இயற்கை முறைமை நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொள்கிறது. அந்நூலில்தான் ஒவ்வோர் உயிரினத்துக்கும் பேரினப் பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றுமாக இரு சொற்கள் கொண்ட பெயர் விலங்குகள் அனைத்துக்கும் சீராகக் கையாளப்பட்டது. பிரிஸோன் அந்த இருசொல் முறையைப் பின்பற்றியவரல்லர். ஆயினும் அவருடைய பேரினங்கள் மிகத் தெளிவாக வகுக்கப்பட்டிருந்ததால், பறவையியலில் அவை செல்லுபடியாகும் என்று விலக்கு அளிக்கப்பட்டது. சாணத்தின் பெயர் நிலைத்ததற்கு இந்த விலக்கும் ஒரு காரணம். பழிப்பெயர் ஒன்று சட்டத்தின் தயவால் பிழைத்துக்கொண்டது என்று சொல்வது மிகையாகாது.

முந்துரிமை நெறி தெளிவானது. அதைக் குறிப்பிட்ட ஒரு பறவைக்குப் பொருத்துவது அவ்வளவு எளிதன்று. 1758இல் லின்னேயஸ் கடற்காகங்களின் பேரினத்தில் வைத்து லாரஸ் பராசிட்டிகஸ் என்று ஒரு பறவைக்குப் பெயரிட்டபோது, வாலின் நடுவிறகுகள் இரண்டும் மிக நீளமானவை என்பதை அதன் அடையாளமாகக் கொடுத்தார். அந்த அடையாளம் இன்று ஆர்க்டிக் ஸ்குவா எனப்படும் பறவைக்கும் பொருந்தும். நீள்வால் ஸ்குவாவுக்கோ அதைவிட நன்றாகவே பொருந்தும். விளைவாக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்காகங்களையும் ஸ்குவாக்களையும் நன்கு அறிந்த ஆங்கிலேயப் பறவையியலாளர் ஹோவர்ட் சாண்டர்ஸ், பராசிட்டிகஸ் என்னும் பெயரை நீள்வால் ஸ்குவாவுக்குக் கொடுத்துவிட்டு, ஆர்க்டிக் ஸ்குவாவைக் கிரெபிடேட்டஸ் என்று அழைத்தார். அந்தக் காலத்து நூலொன்றில் ஸ்டெர்கொராரியஸ் பராசிட்டிகஸ் பற்றிய குறிப்பைப் படிக்கும் இன்றைய மாணவர், அது எந்தப் பறவை என்பதைப் பெயரைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. விவரிப்பைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, ஆர்க்டிக் ஸ்குவாவில் வயிறு வெளுத்த வடிவமும் உடல் முழுதும் கருமை படர்ந்த வடிவமும் ஒரே குடியேற்றத்தில் கூடி இணைந்து குஞ்சு பொரிக்கின்றன. வடக்கே செல்லச் செல்ல வெளிறியவையும், ஷெட்லாந்து போன்ற தென்பகுதிகளில் கரியவையும் மிகுதி. குஞ்சுப் பருவத்து இறகுகள் இவ்விரண்டிலும் சேராத பட்டைக் கோலம் கொண்டவை. ஒரே இனம் பல பெயர்களைச் சுமந்து திரிந்ததில் வியப்பில்லை. இக்கருமை, இறகின் நிறமியை ஆளும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தோடு தொடர்புடையது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

பொமரைன் ஸ்குவாவின் பெயரில் வேறு வகைச் சிக்கல். நாசித்துளையை மூடிபோல் மறைக்கும் அலகுத் தகட்டைக் குறிக்க, டச்சு விலங்கியலாளர் டெமிங்க் 1815இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இப்பெயரை உருவாக்கினார். ஆனால் மூடி, மூக்கு என்னும் இரு சொற்களும் சரியாகப் புணர்ந்தால் பொமாட்டோரைனஸ் என்று வர வேண்டிய இடத்தில் பொமரைனஸ் என்று குறுக்கிவிட்டார். இலக்கணப் பற்று மிகுந்த பிற்கால அறிஞர்கள் அதைத் திருத்தி எழுதினார்கள். சாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். இன்றைய விதித்தொகுப்போ முதலில் அச்சேறிய எழுத்தையே காக்கிறது. ஒருவர் இலக்கணத்தில் தவறினார் என்பதற்காக அவர் வைத்த பெயரைப் பிறர் திருத்தத் தொடங்கினால் பெயர்களுக்கு நிலையே இராது என்பது அவ்விதியின் நியாயம். பெயரின் வேலை சுட்டிக்காட்டுவதுதான் என்னும் அளவில் அந்த நியாயம் ஏற்கத்தக்கதே.

தென்துருவ ஸ்குவாவின் பெயர் ஒரு மனிதரைச் சுமக்கிறது. ராபர்ட் மக்கார்மிக் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர். கப்பல் மருத்துவரே இயற்கை மாதிரிகளையும் சேகரிப்பது அக்கால வழக்கம். பீகிள் கப்பலில் அந்தப் பொறுப்போடு சென்ற அவர், பயணியாக ஏறியிருந்த இளைஞர் டார்வினுக்குக் கிடைத்த சலுகைகளைப் பொறுக்க முடியாமல் 1832இல் ரியோ டி ஜெனிரோவில் இறங்கித் தாயகம் திரும்பினார். பின்னர் ஜேம்ஸ் கிளார்க் ராஸின் அண்டார்க்டிகப் பயணத்தில் எரெபஸ் கப்பலில் மருத்துவராகச் சென்றபோது, விக்டோரியா நிலத்தை ஒட்டிய பொசெஷன் தீவில் 1841 ஜனவரியில் ஒரு ஸ்குவா சேகரிக்கப்பட்டது. அந்தத் தோல் லண்டன் அருங்காட்சியகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. 1893இல் சாண்டர்ஸ் அதைப் பழுப்பு ஸ்குவாவிலிருந்து பிரித்துத் தனி இனமாக அறிவித்து, ஸ்டெர்கொராரியஸ் மக்கார்மிக்கி என்று பெயரிட்டார். ஒரு புதிய பெயர் எந்த உடலை முன்னிட்டு வைக்கப்படுகிறதோ அந்த உடலை வகைமாதிரி என்பர். பின்னாளில் எத்தனை விவாதம் எழுந்தாலும் பெயர் அந்த மாதிரியோடு கட்டப்பட்டிருக்கும். லின்னேயஸின் பராசிட்டிகஸ் அடைந்த குழப்பத்தை மக்கார்மிக்கி அடையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இந்தியாவின் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களைச் சுற்றியுள்ள பாறைகளில் கூடு கட்டும் ஸ்குவாக்கள் இந்த இனத்தவையே.

பெயரின் பின்னால் வரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அலங்காரமாகச் சேர்க்கப்படுபவையல்ல. பராசிட்டிகஸ் என்பதன் பின் லின்னேயஸும் 1758உம் பிறைக்கோட்டுக்குள் அடைக்கப்பட்டு வரும். நீள்வால் ஸ்குவாவுக்குரிய லாங்கிகாடஸ் என்பதன் பின் வியெய்யோவும் 1819உம் பிறைக்கோடின்றி நிற்கும். ஆசிரியர் முதலில் வைத்த பேரினத்திலிருந்து இனம் இடம் மாறியிருந்தால் பிறைக்கோடு போட வேண்டும், மாறாதிருந்தால் கூடாது என்பது மரபு. லின்னேயஸ் தம் பறவையைக் கடற்காகங்களோடு வைத்தார். வியெய்யோ தொடக்கத்திலேயே ஸ்டெர்கொராரியஸில் வைத்தார். இனப்பெயர் பண்புச்சொல்லாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கேற்ப அதன் ஈறும் மாறும். பழுப்பு ஸ்குவா, பெண்பாலான கதாரக்டாவில் இருந்தவரை அண்டார்க்டிகா. ஆண்பாலான ஸ்டெர்கொராரியஸுக்கு வந்ததும் அண்டார்க்டிகஸ். ஒரு கள வழிகாட்டி எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது என்பதை ஈற்றெழுத்தைக் கண்டே சொல்லிவிடலாம்.

இந்த இடமாற்றம் நேர்ந்த விதம்தான் ஸ்குவா வகைப்பாட்டின் மிகச் சுவையான பகுதி. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பருத்த நான்கும் கதாரக்டா, சிறிய மூன்றும் ஸ்டெர்கொராரியஸ் என்று இரண்டு பேரினங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பிரிவுக்குப் போதிய நியாயம் இருப்பதாகவே பட்டது. பருத்தவை ஒன்றைத் தவிர எல்லாம் தென்கோளத்தில் கூடு கட்டுகின்றன, சிறியவை வடகோளத்தில் மட்டும். சிறியவற்றுக்கு வாலின் நடுவிறகுகள் நீண்டிருக்கின்றன, பருத்தவற்றுக்கு அப்படியில்லை. பொமரைன் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. சிறியவற்றுள் அதுவே பருமன். அதன் நடுவிறகுகள் கூர்மையாக முடியாமல், கரண்டிபோல் அகன்று முறுக்கிக்கொண்டிருக்கும். ஆயினும் வால் நீண்டிருந்ததால் அதைச் சிறியவற்றோடு வைப்பதில் யாருக்கும் பெரிய தயக்கம் இருக்கவில்லை.

1990களில் மரபணு வரிசைகளைப் படிக்கத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு குலைந்தது. 1997இல் வெளிவந்த ஆய்வொன்று, பொமரைன் தன் வால் உறவினர்களான ஆர்க்டிக், நீள்வால் ஸ்குவாக்களைவிடப் பருத்த ஸ்குவாக்களுக்கே, குறிப்பாக வட அட்லாண்டிக்கின் பெரும் ஸ்குவாவுக்கே மிக நெருங்கியது என்று காட்டியது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்களும், உட்கருவின் மரபணுக்களும், இறகுகளுக்கிடையே வாழும் பேன்களும்கூட இதையே சொல்லின. பறவைப் பேன்கள் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குத் தொற்றுபவை. ஆகவே நெருங்கிய உறவுள்ள பறவைகளில் நெருங்கிய உறவுள்ள பேன்கள் இருப்பது இயல்பு. பறவையியலாளர் நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தும் பிடிபடாத உறவுக்குப் பேன் சாட்சி சொல்ல நேர்ந்தது.

உறவு தெரிந்ததேயன்றி, அது எப்படி வந்தது என்பது தெரியவில்லை. ஆய்வாளர்கள் மூன்று விளக்கங்களை முன்வைத்தார்கள்: மூதாதையிடம் இருந்த மரபணு வேறுபாடுகள் கிளைகளில் தாறுமாறாகப் பிரிந்து போயிருக்கலாம், பொமரைன் உண்மையில் பருத்தவற்றின் குலமாக இருந்து, உருவத்திலும் நடத்தையிலும் சிறியவற்றை ஒத்துப்போயிருக்கலாம், அல்லது இரு குலங்களுக்கிடையே கலப்பு நடந்திருக்கலாம். கலப்பு என்னும் விளக்கமே பலரையும் ஈர்த்தது. பொமரைனோ பெரும் ஸ்குவாவோ கலப்பினாலேயே பிறந்த இனமாக இருக்கலாம் என்றும் எழுதப்பட்டது. 2023இல் முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வு வேறொரு நிகழ்ச்சியை முதன்மைப்படுத்தியது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே இறங்குவது. ஓர் இனத்தின் பெண் வேறோர் இனத்தின் ஆணோடு இணைந்து, பிறந்த மகளும் அவளுடைய மகளும் அந்த ஆணின் இனத்தோடே தொடர்ந்து இணைந்து வந்தால், சில தலைமுறைகளில் உட்கருவின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் தந்தைவழி இனத்தினுடையவை ஆகிவிடும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பழைய தாயினுடையதாகவே நிற்கும். இதை மைட்டோகாண்ட்ரியக் கைப்பற்றல் என்பர். ஸ்குவாக்களின் வரலாற்றில் இத்தகைய கைப்பற்றலும், இனங்களுக்கிடையே உட்கரு மரபணுக்களின் கசிவும் நடந்திருக்கின்றன என்பதே அவ்வாய்வின் முடிவு. பறவைகளில் கலப்பினப் பெண்கள் பொதுவாக மலடாகவோ வலுக்குறைந்தோ பிறப்பவை என்பதை எண்ணினால், தாய்வழிப் பொருளொன்று இனவெல்லையைக் கடந்து நிலைபெற்றது சாதாரணச் செய்தியன்று.

பருத்தவையும் சிறியவையும் என்னும் எல்லைக்கோட்டைப் பொமரைன் அழித்துவிட்ட பிறகு இரண்டு பேரினங்களை வைத்திருப்பதில் பொருளில்லை என்று பல பறவைப்பட்டியல்கள் கதாரக்டாவைக் கைவிட்டு, ஏழு இனங்களையும் ஸ்டெர்கொராரியஸில் சேர்த்தன. பிரிஸோனின் பெயர் 1760, புருன்னிக்கின் பெயர் 1764. நான்கு ஆண்டு முந்தியதால் சாணம் வென்றது. சாண்டர்ஸைப் பொறுத்தவரை இது அவர் தொடக்கத்தில் வைத்த இடத்துக்கே பறவை திரும்பி வந்த கதை. கதாரக்டா காலத்தில் அவர் பெயரைச் சூழ்ந்திருந்த பிறைக்கோடுகள் நீங்கின.

குடும்ப அளவிலும் இடம் மாறியது. கடற்காகங்களைப் போலப் பறப்பதாலும் கடற்காகங்களுக்கு நடுவே வாழ்வதாலும் ஸ்குவாக்களைக் கடற்காகக் குடும்பத்தின் ஒரு கிளையாகவே பல நூல்கள் நெடுங்காலம் வைத்திருந்தன. 2000களில் வந்த மரபணு ஆய்வுகளோ, அவற்றின் மிக நெருங்கிய சுற்றம் பஃபின்களும் கில்லிமாட்களும் அடங்கிய ஆக் குடும்பம் என்று காட்டின. ஸ்குவாக்கள் துரத்திப் பறித்தும் கொன்றும் தின்னும் பறவைகளுள் பஃபின்கள் முக்கியமானவை என்பதை நினைக்கும்போது, இது பங்காளிச் சண்டை என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்று எஞ்சியிருக்கும் சிக்கல் பருத்த ஸ்குவாக்களுக்குள் இருப்பது. தெற்கத்திய இனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து அதிகக் காலம் ஆகவில்லை. அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் பழுப்பு ஸ்குவாவும் தென்துருவ ஸ்குவாவும் அருகருகே கூடு கட்டி, கலந்து இணைந்து, வளமான குஞ்சுகளைப் பெறுகின்றன. அர்ஜென்டினாவின் கடற்கரையில் பழுப்பு ஸ்குவாவும் சிலி ஸ்குவாவும் அப்படியே. தென்துருவ ஸ்குவா கூட்டுக் காலம் முடிந்ததும் நிலநடுக்கோட்டைக் கடந்து வடகோளம்வரை அலைவது. நடுக்கடலில் தொலைவிலிருந்து பார்க்கப்படும் பருத்த ஸ்குவா ஒன்று எந்த இனம் என்பதைத் தேர்ந்த பார்வையாளர்களும் பல வேளைகளில் துணிந்து எழுதுவதில்லை. அரபிக் கடலிலும் இலங்கைக்கு அப்பாலும் குளிர்காலத்தில் காணப்படும் பொமரைன், வால் இறகுகள் முழுமையாக இருக்கும்வரை, அந்தத் தொல்லையைத் தருவதில்லை.

இனம் எது என்னும் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 2021இல் ஸ்காட்லாந்துக் குடியேற்றங்களில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் 2022இல் பெரும் ஸ்குவாக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. உலகிலுள்ள இவ்வினத்தில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை பெருகிவந்த நாடு ஸ்காட்லாந்து. 2023 அக்டோபரில் அதே நோய் தென் ஜார்ஜியாவை அடுத்த பறவைத் தீவில் பழுப்பு ஸ்குவாக்களிடம் கண்டறியப்பட்டது. இழப்பைக் கணக்கிடுபவர்கள் இனவாரியாகவும் துணையினவாரியாகவும் எண்ண வேண்டியிருப்பதால், பழுப்பு ஸ்குவாவை ஒரே இனமாக எண்ணுவதா என்பது நடைமுறைக் கேள்வியாகிவிடுகிறது. இப்போது அதில் மூன்று துணையினங்கள் பிரிக்கப்படுகின்றன: ஃபாக்லாந்து தீவுகளையும் அர்ஜென்டினாவையும் சார்ந்த அண்டார்க்டிகஸ், ட்ரிஸ்டன் டா குன்யா, கௌ தீவுகளின் ஹேமில்டோனி, பிற துணை அண்டார்க்டிகத் தீவுகளிலும் அண்டார்க்டிகத் தீபகற்பத்திலும் வாழும் லோன்பெர்கி. இவற்றை ஒரே இனத்தில் அடக்காமல் தனி இனங்களாக உயர்த்தும் வகைப்பாடுகள் அவ்வப்போது எழுந்திருக்கின்றன. எந்த முடிவு வந்தாலும் புதுப்பெயர் தேட வேண்டிய தேவை இராது. லோன்பெர்கி 1912இல் மேத்யூஸாலும், ஹேமில்டோனி 1952இல் ஹேகனாலும் ஏற்கெனவே வெளியிடப்பட்டவை, விதித்தொகுப்பின்படி அந்தத் தேதிகளோடும் அந்த ஆசிரியர்களோடும் அப்படியே எடுத்தாளத் தக்கவை.